நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க இரண்டு மொழி தெரிந்தால் போதுமா?

கேள்வி கேட்ட தங்கை ரொறன்ரோவில் வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம், இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அது போதுமா என்று கேட்கிறார். போதாது. பத்து வருடத்துக்கு மேலாக ஒன்ராறியோ நீதிமன்றங்களில் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சொல். 'ஓம்', அதாவது நம் ஊர்ப் பேச்சில் 'ஆம்'.

"அன்று இரவு நீங்கள் வெளியே போகவில்லை, அப்படித்தானே?" என்று சட்டத்தரணி ஆங்கிலத்தில் கேட்கிறார். நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள். சாட்சி "ஓம்" என்கிறார். "ஓம், நீங்கள் சொல்வது சரி, நான் போகவில்லை" என்பதுதான் அவர் மனதில் இருப்பது. அதை அப்படியே ஒற்றைச் சொல்லாக ஆங்கிலத்தில் போட்டால், "ஆம், போனேன்" என்று கேட்பவருக்குப் படலாம். இன்னொரு 'ஓம்' இருக்கிறது. கேள்வி முடியுமுன்னே நம் ஆட்கள் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டுவார்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ" என்பதுதான் அதன் பொருள், ஒப்புதல் இல்லை. குறுக்கு விசாரணையில் இதனாலேயே ஒரு மனிதர் பொய்யர் ஆகிவிடலாம்.

இப்படி இடறும் சொற்கள் நிறைய. 'கால்' என்றால் நமக்குத் தொடையிலிருந்து விரல் வரை எல்லாம் கால்தான். ஆங்கிலத்தில் பாதத்துக்கு வேறு சொல். 'கை'யும் அப்படித்தான். சாட்சி "காலில வெட்டினவர்" என்று சொல்ல, நீங்களாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது மருத்துவ அறிக்கையோடு முரண்பட்டால், பழி சாட்சியின் தலையில் விழும். 'மருமகன்' மகளின் கணவரா, சகோதரியின் மகனா? சீட்டுக் காசு வழக்கில் 'இருபத்தைந்து இலட்சம்' என்று வந்தால், தாளில் இலக்கமாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ஒரு பூச்சியம் தவறினால் கதையே மாறிவிடும்.

அப்போது என்ன செய்வது? ஊகிக்கக் கூடாது. நீதிபதியைப் பார்த்து, "மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்க அனுமதி கோருகிறார்" என்று சொல்ல வேண்டும். 'நான் கேட்கிறேன்' என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்த மண்டபத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் 'நான்' சாட்சியுடையது. "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று பெயர்ப்பது பெரிய பிழை. "நான் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லும் துணிவைத்தான் இந்தத் தொழிலின் முதல் திறமை என்பேன். சொல்வளம் எல்லாம் அப்புறம்தான்.

இதற்குச் சட்டமும் உண்டு. கனடா உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையைத் தருகிறது. அந்த மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1994இல் 'ட்ரான்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இடையறாமல், துல்லியமாக, பக்கம் சாராமல், திறமையோடு, உடனுக்குடன். குற்றஞ்சாட்டப்பட்டவர் வியட்நாம் மொழிக்காரர். அவருடைய மொழிபெயர்ப்பாளரையே சாட்சியாகவும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய சாட்சியத்தை முழுதாகப் பெயர்க்காமல் சுருக்கிச் சொல்லிவிட்டார். மறுவிசாரணைக்கு உத்தரவு போனது. சுருக்குவது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல?

ஒன்ராறியோவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கான பரீட்சை மூன்று விதத்தில் சோதிக்கும்: ஒருவர் பேசி நிறுத்தியபின் பெயர்ப்பது, பேசும்போதே கூடவே பெயர்ப்பது, எழுத்தைப் பார்த்து வாயால் பெயர்ப்பது. வீட்டுத் தமிழோடு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தடுமாறுகிறார்கள். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே மெல்லிய குரலில் தமிழில் சொல்லிப் பழகுங்கள். தமிழகத்துப் பேச்சையும் கேட்டுப் பழகுங்கள், மட்டக்களப்புப் பேச்சையும் கேளுங்கள். யார் வருவார் என்று நீங்கள் தீர்மானிப்பதில்லை.

கடினமானது வேறு ஒன்று. ஒருமுறை எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சாட்சிக் கூண்டில் நின்றார். கேள்வி சிக்கலாக வந்தது. என் பக்கம் திரும்பி, "தம்பி, இப்ப நான் என்ன சொல்லட்டும்?" என்றார். அதைக் காதில் விழாததுபோல் விட முடியாது. சத்தியம் செய்துதான் அங்கே நிற்கிறோம். அந்த வாக்கியத்தையும் அப்படியே ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொன்னேன். நான் அதைச் சொல்லிவிட்டேன் என்பது அந்த அம்மாவுக்கு விளங்கியதும் முகம் மாறியது.

இடைவேளையில் நடைபாதையில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். சாட்சியம் முடியும்வரை தனியாகக் கதைக்கக் கூடாது. "அம்மா, இப்ப நான் உங்களோட கதைக்கக் கூடாதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் போய் நின்றேன். கையில் ஒரு சின்னப் பையோடு அவர் தனியே வாங்கில் இருந்தார். அந்தக் கட்டடத்தில் அவருடைய பேச்சு விளங்கிய ஆள் அன்று நான் ஒருவன்தான்.