பழைய குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்பு என் மாமியார் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் மூடி தெறித்து, கொதிக்கிற பருப்பு கழுத்திலும் வலது கையிலும் கொட்டிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. 68,000 ரூபாய் செலவு. குக்கர் வாங்கி ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது, விலை 2,350 ரூபாய். கம்பெனியில் புகார் செய்தோம். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வேற கேஸ்கெட் போட்டிருக்கீங்க, அதான்" என்றார். ஆனாலும் புதுக் குக்கர் தருகிறார்களாம். பழையதைக் கொடுத்துவிட்டு ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நடுவில் கேஸ்கெட் மாற்றியது உண்மைதான். அது கம்பெனி கேஸ்கெட்டா என்று எங்களுக்குத் தெரியாது. குக்கர் விற்ற கடைக்காரர் எங்கள் தெருக்காரர், அவர் மேல் வழக்குப் போட மனசு வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், "காபி கொட்டினதுக்கே இங்க கோடிக்கணக்குல கொடுத்தாங்க, விடாதீங்க அண்ணி" என்கிறார். என் வீட்டுக்காரரோ, "கோர்ட்டுக்கு யார் அலையிறது" என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மாமியார் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கழுத்தில் பட்ட தீப்புண் ஆறும்போது தோல் இறுகிக்கொள்ளும். டாக்டர் ஏதாவது பயிற்சி சொல்லியிருந்தால் விடாமல் செய்யச் சொல்லுங்கள். சரி, கேட்டதற்கு வருகிறேன்.

பழைய குக்கரைக் கொடுக்காதீர்கள். அந்தப் பேப்பரில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டாம், மாமியாரையும் போட விட வேண்டாம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து அவரிடம் வாங்கிவிடப் போகிறார்கள், முதலில் அவரிடம் சொல்லிவையுங்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்கிற மாதிரி அதில் இருக்கும். 2,350 ரூபாய்ப் பொருளைக் கொடுத்து 68,000 ரூபாய்க் கணக்கை முடித்துக்கொள்கிற வேலை அது.

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. எங்கள் வீட்டு மிக்சி ஜார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்து கட்டைவிரலில் நான்கு தையல். புது ஜார் தருகிறோம் என்றதும் பழசைச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டபோது, "எந்த ஜார் சார்?" என்றார்கள். பதில் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

குக்கர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். கழுவ வேண்டாம். காய்ந்து ஒட்டியிருக்கும் பருப்பைச் சுரண்டவும் வேண்டாம். வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்ததா என்பதுகூட நாளைக்கு ஒரு கேள்வியாக வரலாம். மூடி, வெயிட், கேஸ்கெட், கைப்பிடி, கூட வந்த சின்னப் புத்தகம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மூடியில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான குக்கர்களில் அதன் நடுவே சீக்கிரம் உருகக்கூடிய உலோகத்தில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். குழாய் அடைத்து உள்ளே சூடு எல்லை மீறினால் அந்தப் பொட்டு உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். மூடி பறப்பதற்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம் அது. மூடி பறந்தும் பொட்டு அப்படியே முழுசாக இருக்கிறதென்றால், கேஸ்கெட் எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: சேஃப்டி வால்வு என்ன செய்துகொண்டிருந்தது? இதை நீங்களும் நானும் வாயால் சொன்னால் எடுபடாது. நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டும். ஆனால் அனுப்புவதற்குக் குக்கர் வேண்டுமே!

மருந்து விஷயத்திலும் இதே கதைதான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச்சின் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கின்) மாதிரியை எடுத்துச் சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. பாட்டில் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்குமே, நாம் படிப்பதே இல்லையே, அந்த பேட்ச் நம்பர்தான் மருந்தையும் ஆலையையும் முடிச்சுப் போடுகிற நூல். மருந்து குடித்து யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் கோபத்தில் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கொழுந்தனார் சொன்ன காபி கதை உண்மைதான். ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1992இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரத்தில் 79 வயது பாட்டி ஒருவர் மெக்டொனால்ட்ஸ் காபியை, நின்றிருந்த காரில் மடியில் வைத்து மூடியைத் திறந்தார். காபி கொட்டியது. ஆழமான தீப்புண், எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டு அறுவை. கிட்டத்தட்ட உங்கள் மாமியார் கதை. அந்தப் பாட்டி முதலில் கேட்டது கோடி இல்லை. வைத்தியச் செலவுக்கென்று சுமார் 20,000 டாலர். கம்பெனி தருவதாகச் சொன்னது 800 டாலர். (உங்களுக்குப் புதுக் குக்கர்!) வழக்கு 1994இல் ஜூரி (தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழு) முன் வந்தபோது, காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துத்தான் விற்கிறார்கள் என்பதும், அதற்கு முந்தைய பத்து வருடத்தில் சூடுபட்டதாக 700 புகார்கள் வந்திருந்தன என்பதும் கம்பெனியின் சொந்தக் காகிதங்களிலிருந்தே வெளியே வந்தன. ஜூரிக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். பாட்டி மேலும் 20 சதவீதம் தவறு என்று கழித்துக்கொண்டு 1,60,000 டாலர் நஷ்டஈடு, அதற்கு மேல் கம்பெனிக்குத் தண்டனையாக 27 லட்சம் டாலர் என்றார்கள். நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 4,80,000 டாலராகக் குறைத்தார். கடைசியில் இரண்டு தரப்பும் தொகையை வெளியில் சொல்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள். உலகம் முழுக்கச் சுற்றுவது அந்த 27 லட்சம் மட்டும்தான்.

நம் ஊரில் ஜூரி கிடையாது, அந்த மாதிரித் தொகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். அதற்காக இங்கே பெரிய தொகையே கிடைத்ததில்லை என்றும் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதைப் பொருத்திக்கொண்டு அவதிப்பட்ட இந்திய நோயாளிகளுக்கு வயதையும் ஊனத்தையும் பொறுத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று மத்திய அரசின் குழு கணக்குப் போட்டது. அது 2018இல். எட்டு வருடம்!

உங்கள் வழக்கு அவ்வளவு பெரிசும் இல்லை, அவ்வளவு இழுக்கவும் வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பொருளின் குறையால் உடம்புக்குக் கேடு வந்தால் நஷ்டஈடு கேட்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகையை வைத்து முடிவு செய்வதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். ஆகவே மூன்று லட்சம் கேட்டாலும் ஐந்து லட்சம் கேட்டாலும் 2,350 ரூபாய்க் குக்கருக்கு மதுரையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வழக்குப் பதியக் கட்டணமும் கிடையாது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம் உண்டு. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் கேஸ்கெட் விவகாரம் இருப்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒருவரை வைத்துக்கொள்வேன். பில் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, அடிபட்டது மாமியாராயிற்றே என்று யாராவது குழப்பினால் பயப்படாதீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

வீட்டுக்காரரின் அலுப்பில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக அதைத் தாண்டும். அதனால் முதலில் கம்பெனிக்கு, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சில கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவது உண்டு. வந்தால் வைத்தியச் செலவு முழுவதும், அதற்கு மேல் வலிக்கும் வேலை இழப்புக்கும் ஒரு தொகை, எல்லாம் எழுத்தில் என்று கேளுங்கள்.

கேஸ்கெட்டை மட்டும் மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்து அவர்கள் கண்டுபிடித்தால் உங்கள் பேச்சில் மீதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தப்பாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் மேல் இந்த வழக்குப் போட முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது, கம்பெனியும் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தச் சின்னப் புத்தகத்தை. ஆபத்து வராமல் பயன்படுத்தப் போதுமான குறிப்பும் எச்சரிக்கையும் கொடுக்காததும் தயாரிப்பாளரின் குறைதான். வேறு கேஸ்கெட் போட்டால் மூடி பறக்கும் என்று எங்காவது தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா, உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் மேல் 2347 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரைத் தன் தளத்தில் விற்கவிட்டதற்காக 2022இல் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, விற்றுப்போன 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்.

தெருக்காரக் கடைக்காரரை நினைத்துத் தயங்க வேண்டாம். தயாரித்த கம்பெனி யார் என்று தெரிந்திருக்கும்போது, தானாக எதையும் மாற்றாமல், தனியாக உத்தரவாதம் எதுவும் கொடுக்காமல், பெட்டியைப் பிரிக்காமல் விற்ற கடைக்காரர் மேல் பொதுவாகப் பெரிய பொறுப்பு வராது. குக்கர் அவர் கடையில்தான் வாங்கியது என்று நிறுவுவதற்காக வக்கீல்கள் அவரையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். நோட்டீஸ் போவதற்கு முன்னால் நீங்களே நேரில் போய் இதைச் சொல்லிவிடுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: அந்த மாற்று கேஸ்கெட்டையும் அவரிடம்தான் வாங்கினீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவரிடம்தான் என்றால் அவர் கொடுத்தது எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அப்போது தெருப் பாசம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

போகும்போது பில்லின் நகல் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். பளபளப்புத் தாளில் அச்சாகும் கடை பில் ஒன்றேகால் வருடத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகியிருக்கும். கம்ப்யூட்டர் பில் என்றால் மறுபடி எடுத்துத் தர முடியும். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரமும் இருக்கும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், விபத்துப் பதிவேட்டின் நகல் — ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும் — வாங்கி வையுங்கள். அதில் "குக்கர் மூடி தெறித்து" என்று எழுதியிருக்கிறதா, வெறுமனே "சமையல் விபத்து" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தழும்பை இன்றைக்கே போட்டோ எடுங்கள், மாதம் ஒன்று எடுத்துவாருங்கள்.

குக்கரை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிடுங்கள். பழைய பாத்திரம் எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு வரும்போது, வீட்டில் யாராவது அதை எடைக்குப் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடத்தை வாங்கி வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.