ஓபன் ஸ்கூலுக்கு மாற்றும் முன் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டாது, அதிலும் ஏகப்பட்ட எழுத்துப் பிழை. டிஸ்லெக்ஸியாவாக (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம் என்று ஓர் ஆலோசகர் சொன்னார். "பத்தாவது பாஸ் பண்ணுவது கஷ்டம், ஓபன் ஸ்கூலில் போடுங்கள்" என்கிறார்கள் பள்ளியில். குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினால் பின்னால் வேலைக்கு இடைஞ்சலாகுமோ என்று என் கணவர் பயப்படுகிறார். மிக்ஸி, மோட்டார் என்று எதையாவது கழற்றி மாட்டுவதில்தான் அவனுக்கு ஆர்வம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் சான்றிதழ். ஓபன் ஸ்கூல், அதாவது தினமும் பள்ளிக்குப் போகாமல் படித்துத் தேர்வெழுதும் வழி, அந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆலோசகர் வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துத் தேர்வுத் துறையிடம் எதுவும் கேட்க முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; டிஸ்லெக்ஸியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ம் அதில் ஒன்று. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் (யூடிஐடி) வாங்க ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு நுண்ணறிவுச் சோதனை, கடைசியில் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான சோதனை. ஒரே நாளில் முடியாது, அலையத்தான் வேண்டும். அதனால்தான் பத்தாவது தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள் என்கிறேன். 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு செய்யச் சொல்கிறது. எனவே கல்லூரிக்குப் போகும் நேரத்தில் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. மத்திய, மாநில அரசு வேலைகளில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டிலும் கற்றல் குறைபாடு வருகிறது. 40-க்குக் கீழே வந்தால் ஒதுக்கீடு கிடையாது. ஆனால் தேர்வில் மாணவர் சொல்வதை எழுதுபவரைக் கேட்க 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021-இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: அந்தச் சான்றிதழ் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும். தேவைப்படும் இடத்தில் காட்டலாம், தேவையில்லாத இடத்தில் காட்டாமலே இருக்கலாம்.

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை முக்கியமான சலுகைகள். தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். மொழி விலக்கை மட்டும் யோசித்து எடுங்கள். கூடுதல் நேரம் கிடைத்தால் தேறிவிடுவான் என்றால் எழுதட்டும். அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைப் பிற்பாடு எங்காவது கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பலரும் கோட்டைவிடுவது அடுத்த விஷயத்தில்தான். எழுத ஆள் கிடைத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ரூட்டுக்குள்ள பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி" என்று பையன் சொல்கிறான். எழுதுபவர் ரூட்டை பி ஸ்கொயரோடு முடித்துவிட்டால் விடை போச்சு. "ரூட் கோடு கடைசி வரைக்கும் வரணும், எல்லாத்துக்கும் கீழே டூ ஏ" என்று சொல்ல அவனுக்குத் தெரிய வேண்டும். அறிவியலில் படம் வரையவும் அப்படித்தான்: எந்தப் பாகம் எங்கே, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று அவன்தான் சொல்ல வேண்டும். எழுத வருபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவராக இருப்பார். ஆகவே வீட்டில் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ பழகினால் போதாது. அவர்களுக்கு அவன் பாதி சொன்னாலே புரிந்துவிடும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரை உட்கார வைக்கும்படி பள்ளியில் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளி தயங்கினால், சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே கூடுதல் நேரமும் எழுதுபவரும் சொல்லப்பட்டிருப்பதைக் குறிப்பிடுங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரும் உதவுவார்.

ஓபன் ஸ்கூல் (என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) மட்டமான வழியல்ல. ஒரு மொழி உட்பட ஐந்து பாடம் போதும். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். பள்ளிக்குப் போகவே பையன் பயந்து ஒடுங்கினால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் வாயால் பதில் சொல்கிற பையனை, பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்காக நண்பர்களிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

பத்தாவதுக்கு அப்புறம்? பிளஸ் டூ படித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது! ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். அங்கேயும் எழுத்துத் தேர்வு உண்டு, அதனால் சலுகைக்கு அங்கேயும் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் நீங்கள் கேட்டதைக் கல்லூரியில் அவன்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும். இப்போதே தலைமையாசிரியரிடம் போகும்போது கூட்டிக்கொண்டு போய், முதல் இரண்டு வாக்கியத்தை அவனைப் பேசவிடுங்கள். போனில் குரல்வழித் தட்டச்சும், எழுத்தைப் படித்துக்காட்டும் வசதியும் தமிழிலேயே இருக்கின்றன. பட்டறையில் செய்ய வேண்டிய வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டைப் படிக்க அவை கைகொடுக்கும், இன்றே பழகட்டும்.

கடைசியாக ஒன்று. ஆதார், பள்ளிப் பதிவேடு, யூடிஐடி மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு இருந்தால், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.