ஏழாவது தடவையா டைனோசர்

கேள்வி: ‘ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த்’ பாத்தேன் சார். மறுபடியும் ஒரு தீவு, மறுபடியும் மாட்டிக்கிட்ட குடும்பம், மறுபடியும் பணத்தாசை புடிச்ச கம்பெனிக்காரர். அரைச்ச மாவையே எத்தனை வருஷம்தான் அரைப்பாங்க, உங்களுக்கு அலுக்கலையா?

பதில்: அலுக்கலைங்க. கதை ஒண்ணுதான்னு ஒத்துக்கறேன், 1993லேருந்து ஏழு படம் வந்தாச்சு, ஏழுலயும் ஆபத்துல சிக்குற சின்னப்புள்ளை ஒண்ணாவது இருக்கும், கூடவே வேணாம் வேணாம்னு சொல்ற ஆளும் இருப்பாரு, அவர் பேச்ச யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. இருக்கட்டுமே, முடிவு தெரிஞ்ச பேய்க்கதையதான குழந்தைங்க திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுது. என் ஆதங்கம் வேற. நம்மள காக்க வெக்கற பொறுமை இந்தத் தொடருக்கு நடுவுல போயிடுச்சு.

ஸ்பீல்பெர்க் எடுத்த முதல் படம் ‘ஜுராசிக் பார்க்’ ரெண்டு மணி நேரத்துக்கு மேல, அதுல டைனோசர் திரைல தெரியறது மொத்தமே ஒரு 15 நிமிஷம்தான். டி-ரெக்ஸ்ங்கற அந்த ராட்சச டைனோசர் வெளிய வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது, அதுக்கும் முன்னாடி வர்றது ரெண்டு பிளாஸ்டிக் கிளாஸ்ல இருக்கற தண்ணி. நின்னுபோன காரோட டேஷ்போர்டு மேல கிளாஸ் இருக்கு, தூரத்துல தொம்முனு ஒரு சத்தம், தண்ணில வட்டம் வட்டமா அலை. டேஷ்போர்டுக்கு அடியில கிட்டார் கம்பி கட்டி அத மீட்டித்தான் அந்த வட்டத்த வரவெச்சாங்களாம். ஒரு கம்பியும் ரெண்டு கிளாஸ் தண்ணியும் போதும், மனுஷனுக்கு வயித்தக் கலக்கிடும்! 2022ல வந்த ஆறாவது படத்துல டைனோசர் உலகம் பூரா சுத்துது, ஆனா கதையோட பாதி பாரம் ராட்சச வெட்டுக்கிளி மேல, எனக்கு மனசு விட்டுப்போனது அங்கதான்.

ரீபர்த்ல அந்தப் பொறுமை ஒரு இடத்துல திரும்பி வந்துருக்கு. ஆத்தோரமா டி-ரெக்ஸ் தூங்குது, அத எழுப்பிடாம ஒரு பொண்ணு காத்தடைக்கற ரப்பர் படக எடுக்கணும். அவ்ளோதான் சீன். இது மைக்கேல் கிரைட்டனோட மூல நாவல்லயே இருந்தது, முதல் படத்துல வெக்க முடியாம போச்சு, அந்தப் படத்துக்கு எழுதுன டேவிட் கோப்பே இத்தன வருஷம் கழிச்சு இதுல கொண்டுவந்துட்டாரு. பழச எடுக்கறதுன்னா இப்படி எடுக்கணும்.

கேள்வி: படத்துல வர்ற மாதிரி ரத்தத்துல இருந்து டிஎன்ஏ எடுத்து டைனோசர உருவாக்கறது நெஜமாவே நடக்குமா?

பதில்: நடக்காதுங்க. நியூசிலாந்துல அழிஞ்சுபோன மோவா பறவையோட எலும்புகள வெச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல டிஎன்ஏ சுமார் 521 வருஷத்துக்கு ஒருதடவை பாதியா உடைஞ்சுபோகுதுன்னு கணக்குப் போட்டாங்க. டைனோசர் அழிஞ்சது 6.6 கோடி வருஷம் முன்னாடி, அப்போ என்ன மிஞ்சும்?

கேள்வி: இப்பதான் கிராபிக்ஸ் எவ்வளவோ வளந்துருச்சே, ஆனா பழைய படத்து டி-ரெக்ஸ்தான் நெஜம் மாதிரி இருக்கு. ஏன்?

பதில்: பாதி நேரம் அது நெஜமாவே அங்க நின்னுச்சு, அதான் காரணம். ஸ்டான் வின்ஸ்டன் குழு முழு அளவுல செஞ்ச இயந்திர டி-ரெக்ஸ் அது. மழை சீன் எடுக்கறப்ப அதோட தோல் தண்ணிய உறிஞ்சி கனம் கூடி உடம்பே நடுங்க ஆரம்பிச்சிருச்சாம், ஷாட்டுக்கு ஷாட்டு துடைச்சுக் காயவெச்சுத்தான் எடுத்திருக்காங்க. அப்புறம் அந்தக் கர்ஜனை, யானைக்குட்டி, புலி, முதலைன்னு பல சத்தத்த ஒண்ணாக் கலந்து கேரி ரைட்ஸ்ட்ரம் உருவாக்குனது. எதிர்ல ஒரு பொருள் நிக்கறப்ப நடிகரோட கண்ணு போற இடமே வேற, கிராபிக்ஸுக்காகப் பின்னாடி கட்டற பச்சைத்துணியப் பாத்து பயப்படறதுல அது வராது.

கேள்வி: பையனுக்கு ஒன்பது வயசு. எந்தப் படத்துலேருந்து காட்டட்டும்?

பதில்: 1993 படம்தான், சந்தேகமே வேணாம். ராத்திரி, லைட்ட அணைச்சுட்டு, சத்தத்த நல்லா வெச்சு, நீங்களும் பக்கத்துல உக்காருங்க. ரீபர்த்ல கடைசில வர்ற உருமாறுன மிருகம் சின்னப் பசங்களுக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு ரெண்டு வருஷம் போகட்டும். நடுவுல இருக்கற அஞ்சு படத்தையும் அவனா கேட்டா மட்டும் போட்டுக் காமிங்க.