நன்கொடையாளர் பட்டியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புற்றுநோய் முற்றிய ஏழை நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு டிரஸ்ட்டில் நன்கொடை திரட்டும் பொறுப்பு போன மாதம் என்னிடம் வந்தது. முன்பிருந்தவர் விட்டுப்போனது ஓர் எக்செல் ஷீட்தான். லட்சத்துக்கு மேல் கொடுத்த 120 பேர். வரிசையாகப் போன் செய்தால், "மார்ச் மாசம்தானே கூப்பிடுவீங்க?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் கேட்பது நியாயம்தான். வரிக்கணக்கு முடிகிற நேரத்தில் மட்டும் நினைக்கப்படுவது யாருக்கும் பிடிக்காது. நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவைச் சொல்லிக் கேட்பதும் இனி அவ்வளவு எடுபடாது. புதிய வரிமுறையில் இருக்கும் தனிநபருக்கு அந்தக் கழிவே கிடையாது.

120 பேரை நீங்கள் ஒருவராகக் கவனிக்க முடியாது. அமெரிக்காவில் பெரிய நன்கொடை திரட்டும் ஓர் அலுவலருக்கு 150 பேர் வரை என்பார்கள். அங்கே அவருக்கு அது ஒன்றே வேலை. நீங்களோ ரசீது போட்டு, அறிக்கை எழுதி, ஆடிட்டருக்கும் பதில் சொல்கிறவர். முப்பது பேர் போதும்.

அந்த முப்பதைத் தொகையை வைத்துப் பொறுக்காதீர்கள். பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டித் தேதியைப் பாருங்கள். வருஷா வருஷம் ஆடி மாதத்தில், ஏறக்குறைய அதே நாட்களில், ஒருவர் இருபதாயிரம் கொடுத்திருப்பார். ஓரத்தில் 'தாயார் நினைவாக, மதியச் சாப்பாடு' என்று இருக்கும். யாரோ சொன்னதற்காக ஒரே தடவை ஐந்து லட்சம் கொடுத்தவர் ஷீட்டில் இருப்பார், இவர் இருக்கமாட்டார். எனக்கு இவர்தான் முக்கியம். அந்த நாளுக்கு முன்னால் நேரில் போங்கள். பணம் கேட்காதீர்கள், அவருடைய அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் விருப்பம் உண்மையாக இல்லாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். வீடு வீடாகப் போகும் நர்சின் சம்பளம், மார்ஃபின் மாத்திரை, ரிப்பேரில் நிற்கும் வண்டி எல்லாவற்றையும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை மே 31-க்குள் ஏற்றி, கொடுத்தவருக்கான 10பிஇ நன்கொடைச் சான்றிதழை அவர்கள் கேட்கும் முன்னே அனுப்புங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அலைவது அவர்கள்.

ஒவ்வொரு சந்திப்பையும் அன்றைக்கே நாலு வரி எழுதி ஆபீஸ் ஃபைலில் வையுங்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவர் வெறும் ஷீட்டோடு திண்டாடக்கூடாது. அந்த முப்பதில் வராத மற்றவர்களுக்கு ரசீதும் ஆண்டறிக்கையும் தவறாமல் போகட்டும். அதைப் படித்துவிட்டு யாராவது இரண்டு வரி எழுதினால், அவரையும் முப்பதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.