போரடிக்கும் 15 நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு கைதைப் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்கேற்ற வழக்கறிஞர், புதிய சட்டத்தில் போலீஸ் காவல் எப்படி மாறியிருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். நெறியாளர் இடைமறித்து, "சார், செக்‌ஷன் நம்பரெல்லாம் சொன்னா நேயர்களுக்குப் போரடிக்கும், அரசியலுக்கு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வழக்கறிஞர் பேசும்போது எனக்கும் போரடித்தது. தவறு என்னிடமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

தவறு உங்களிடம் இல்லை. சட்டப் பிரிவுகளை யாரும் சுவைக்காக எழுதுவதில்லை. அந்த அலுப்பைத் தாண்டி உள்ளே போய், அங்கே யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பார்த்து வந்து சொல்வதற்காகத்தான் நெறியாளர் அந்த நாற்காலியில் இருக்கிறார். அவர் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

வழக்கறிஞரை முடிக்க விடவில்லை என்பதால் விஷயத்தை நான் சொல்கிறேன். கைதானவரை, நீதிபதி அனுமதித்தால், மொத்தம் 15 நாட்கள் வரை போலீஸ் தன் காவலில் வைத்து விசாரிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அது ரிமாண்டின் முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும். 1992இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அதன் பிறகு சிறைதான். அந்த வழக்கில் போலீஸ் அவரைத் திரும்பக் கஸ்டடி எடுக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு, அதே 15 நாட்களைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. பெரிய குற்றங்களுக்கு முதல் 60 நாட்களுக்குள், மற்றவற்றுக்கு முதல் 40 நாட்களுக்குள்.

15 என்ற எண் மாறவில்லை. அதனால் பலர் கண்ணில் படவும் இல்லை. உள்ளே இருப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். முன்பெல்லாம் 16ஆம் நாள் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வரும். இப்போது 39ஆம் நாள் காலையிலும் தன்னை அழைத்துப் போக வருவார்களோ என்று காத்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் அடித்ததை நீதிபதியிடம் சொல்ல நினைக்கிறவர், நாளை அதே ஆட்களிடம் திரும்பிப் போக நேரலாம் என்பதையும் சேர்த்தே நினைப்பார். பலர் வாயைத் திறக்க மாட்டார்கள். சாத்தான்குளத்தில், 2020 ஜூனில், ஒரு தந்தையின் உயிரையும் மகனின் உயிரையும் பறித்தது காவல் நிலையத்தில் கழிந்த ஓர் இரவு.

இந்தப் புதிய நடைமுறைச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது 2023 டிசம்பர் 20, மாநிலங்களவையில் மறுநாள். அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். 19ஆம் தேதி நாடாளுமன்றப் படிக்கட்டில் ஓர் உறுப்பினர் குடியரசுத் துணைத் தலைவரைப் போல மிமிக்ரி செய்தார். அது அவமதிப்பா, நகைச்சுவையா என்று திரைகளில் மணிக்கணக்கில் பேசினார்கள். அதே வாரத்தில்தான் நாட்டின் மூன்று அடிப்படைக் குற்றவியல் சட்டங்களும் மாறிக்கொண்டிருந்தன. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பழங்குடியினர் உரிமைக்காகப் பாடுபட்ட பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டார். அது பெரிய செய்தியானது. ஆக வேண்டிய செய்திதான். ஆனால் அவர் மீது பாய்ந்த உபா, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவைப் பற்றி எத்தனை விவாதம் நடந்தது? குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை என்று நம்ப முகாந்திரம் இருக்கிறதென நீதிமன்றம் கருதினாலே ஜாமீன் கிடையாது என்கிறது அது. 2008இல் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலை 5 அன்று, விசாரணையே தொடங்காத நிலையில், அவர் காவலில் இருந்தபடியே இறந்துபோனார். உறிஞ்சுகுழலைப் பார்த்துக் கலங்கியவர்களில் பலருக்கு அவரை உள்ளேயே வைத்திருந்த வரி எதுவென்று இன்றுவரை தெரியாது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்ல முடியாத அளவுக்கு இது கடினமும் இல்லை. நெருக்கடி நிலையின்போது, ஆட்கொணர்வு வழக்கில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை நீதிமன்றத்தில் கோரும் உரிமை நிறுத்தப்பட்டிருப்பதால் சிறைப்பட்டவர்கள் வழக்குப் போட முடியாது என்று அரசு வாதாடியது. நாட்கணக்கில் சட்ட நுணுக்கம். நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்று பதில் வந்தது. அந்த ஒரு கேள்வியில், அத்தனை நுணுக்கத்துக்கும் அடியில் கிடந்த பிணம் தெரிந்துவிட்டது. 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள், கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது.

நீங்கள் பார்த்த நெறியாளரும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "சார், அப்படின்னா ஜெயிலுக்கு அனுப்பின ஆளை ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?" நீதிபதி அனுமதித்தால் முடியும் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பார். உங்களுக்குப் போரடித்திருக்காது.