ஆல்பைன் என்ற சிறிய பிரெஞ்சு கார் நிறுவனம் 1973-இல் உலக ராலி (சாலைகளில் நேரத்தை வைத்து நடக்கும் கார்ப் பந்தயம்) பட்டம் வென்றது எப்படி?

எடையைக் குறைத்து. சுருக்கமான பதில் அதுதான்.

பிரான்ஸின் தியெப் துறைமுக நகரில் ரெனோ கார் விற்பனையாளராக இருந்த ஜான் ரெதெலே, ரெனோ 4சிவி காரை ஓட்டிப் பல பந்தயங்களில் வென்றவர். 1955-இல் ஆல்பைனைத் தொடங்கினார். சொந்தமாக எஞ்சின் தயாரிக்க அவர் முயலவே இல்லை, நல்ல முடிவு. முதல் காரான ஏ106-இல் 4சிவியின் அடித்தளமும் எஞ்சினும் அப்படியே இருந்தன, மேலே ஃபைபர்கிளாஸ் பாடி மட்டும் புதிது.

1962-இல் வந்த ஏ110-தான் பெயர் வாங்கித் தந்தது. நடுவே முதுகெலும்பு போல ஓடும் எஃகுக் குழாய்ச் சட்டம், அதோடு ஒட்டிய ஃபைபர்கிளாஸ் பாடி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் எஞ்சின், ரெனோ 8-இலிருந்து எடுத்த டிஸ்க் பிரேக்குகள். எடை ஏறத்தாழ 700 கிலோதான். எடை பின்பக்கம் சாய்வதால் பனியிலும் சரளையிலும் டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்பக்கம் வீசிவிடும். பழைய ஸ்விங் ஆக்சில் (சக்கரத்தோடு சேர்ந்து அச்சும் மேலும் கீழும் ஆடும் அமைப்பு) மாடல்களில் இது இன்னும் மோசம். சக்கரத்தின் சாய்வு மாறி டயரின் பிடி குறைந்துவிடும்.

1973 மான்டே கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களும் ஏ110-க்கே. உற்பத்தியாளர்களுக்கான உலக ராலிப் பட்டம் தொடங்கிய முதல் ஆண்டும் அதுவே.

பழைய ஏ110 வாங்குவோர் பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது, உள்ளிருக்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். காரைத் தூக்கி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களை அடியிலிருந்து தட்டிப் பாருங்கள்.