ஐ-லீக் இந்தியாவின் இரண்டாம் நிலை கால்பந்து லீக் தானே? அப்படியானால் 2019இல் சென்னை சிட்டி வென்றது இரண்டாம் டிவிஷன் கோப்பையா?

நீங்கள் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வந்தபிறகு கால்பந்து பார்க்க ஆரம்பித்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தப்பே இல்லை. ஆனால் கேள்வியின் இரண்டாவது வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் கோயம்புத்தூர்க்காரன். பெயர் சென்னை சிட்டி என்றாலும் அவர்களுடைய சொந்த மைதானம் எங்கள் ஊர் நேரு ஸ்டேடியம்தான். 2019 மார்ச் 9 அன்று அந்த கேலரியில் இருந்தேன்.

முதலில் வரலாறு. 1996-97இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது, முதல் கோப்பை ஜேசிடி அணிக்கு. 2007இல் அதுவே ஐ-லீக் ஆனது. 2014இல் ஐஎஸ்எல் தனியாக வந்தது. அப்புறம் சில வருஷம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஐஎஸ்எல்தான் முதல் நிலை என்ற ஏற்பாட்டுக்கு ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் கொடுத்தது 2019 அக்டோபரில். நாங்கள் கோப்பை வாங்கியது மார்ச்சில். அந்த வெற்றியால்தான் சென்னை சிட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போய் பஹ்ரைனின் ரிஃபா கிளப்போடு ஆடியது. இரண்டாம் டிவிஷன் அணியை யார் அங்கே அனுப்புவார்கள்?

அன்று சீசனின் கடைசி ஆட்டம். நிலவரம் இதுதான்: எங்களுக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியோடு, நாங்கள் இங்கே மினர்வா பஞ்சாபோடு. மூன்றாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரியில் சத்தமே இல்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் கையில் வைத்திருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் பெனால்டி, பெட்ரோ மான்சி அடித்தார். அந்த சீசனில் அவருக்கு மொத்தம் 21 கோல். பிறகு கௌரவ் போரா, ஒரு டிஃபெண்டர், 69ஆவது நிமிஷத்தில் ஒன்று போட்டார். அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று முன்னால் போய்விட்டதாக யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். இங்கே ஒரு கோல் திரும்ப விழுந்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. 90 நிமிஷம் முடிந்து கொடுத்த கூடுதல் நேரத்தில் போராவே மூன்றாவதையும் போட்டார். “தம்பி, முடிஞ்சுதுங்களா?” என்று பெரியவர் என் கையைப் பிடித்தார். முடிந்திருந்தது. 43க்கு 42.

ஐஎஸ்எல் எதிரி என்று என்னைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ்எல் அணியான ‘சென்னையின் எஃப்சி’ ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து ரயிலேறிப் போனவன் நான்.

2022-23 முதல் 2024-25 வரை ஐ-லீக் நடந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா அணியும் எல்லா அணியோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடின. 2022-23இல் 12 அணி, ஆளுக்கு 22 ஆட்டம். அந்த சீசனில்தான் முதலிடத்துக்கு ஐஎஸ்எல் கதவு திறந்தது. முதலில் பஞ்சாப், அடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே போனார்கள். 2024-25 பட்டம் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில்தான் இன்டர் காசிக்கு என்று முடிவானது. ஐ-லீக்கில் கடைசியில் வந்தவர்கள் அதற்குக் கீழ் நிலையான ஐ-லீக் 2க்கு இறங்க வேண்டியிருந்தது. ஆனால் ஐஎஸ்எல்லில் கடைசியில் வந்தவர்கள் அந்த வருஷங்களில் இறங்கவில்லை. ஏறுவதற்கு விதி இருந்தது, இறங்குவதற்கு இல்லையென்றால் அது எப்படிச் சரியாகும்?

அந்தக் கதவு திறந்தபோது சென்னை சிட்டி லீக்கிலேயே இல்லை. 2020-21தான் அவர்களுடைய கடைசி சீசன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் கோப்பைக்குப் பிறகு என் பையன் பந்தும் கையுமாகத் திரிந்தான். எங்கள் ஏரியா மைதானத்தைக் கோடை விடுமுறையில் பொருட்காட்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். பசங்களுக்கு விளையாட நேரம் கிடைப்பதே அந்த இரண்டு மாசம்தான். கடைகளைப் பிரித்தபோது முளையடித்த கம்பியைப் பிடுங்காமல், தரையோடு வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பையன் குதிகாலில் நாலு தையல். நான் புகார் எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. கடைசியில் நானும் இரண்டு அப்பாக்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய்ப் பிடுங்கினோம். பதினேழு கம்பி.